டிராக்டருக்கு டீசல் ஊற்ற இடுப்பை ஒடிக்க வேண்டுமா?

நாஞ்சில் நாடு என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நெல்வயல்தான். கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரண்டு வட்டங்களும் சேர்ந்த பகுதியே பழைய நாஞ்சில் நாடு. இங்கே ஆண்டுக்கு இரண்டு பூ. முதலாவது கன்னிப்பூ, அடுத்தது கும்பப்பூ. பேச்சிப்பாறை அணையிலிருந்து ஜூன் மாதத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் போதும், ஒரு ஏலாவில் இருக்கும் எல்லா வயலுக்கும் ஒரே சமயத்தில் உழவு வேண்டும். தண்ணீர் கிடைக்கும்போதே தொளி உழவை முடித்துவிட வேண்டும் என்பதால் எல்லோருக்கும் அவசரம். உழவு மாடுகள் அநேகமாக மறைந்துவிட்ட இந்தக் காலத்தில் அந்த அவசரம் முழுவதும் டிராக்டரின் மேல், அதாவது டிராக்டர் ஓட்டுபவரின் மேல் வந்து விழுகிறது.

டிராக்டர் வந்ததால் உழவின் பாரம் குறைந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லுவார்கள். அது உண்மைதான். ஏர் பிடித்து நாள் முழுவதும் தொளியில் நடந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த டிராக்டருக்கு டீசல் ஊற்றுவது மட்டும் இன்னும் பழைய மூட்டை தூக்கும் வேலையாகவே இருக்கிறது. இதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. பேசத் தகுந்த விஷயமாகவே யாரும் நினைப்பதில்லை.

கேன் ஏன் வயலுக்கு வருகிறது?

காரையும் பைக்கையும் போல டிராக்டரையும் பெட்ரோல் பங்குக்கு ஓட்டிக்கொண்டு போய் டீசல் போட்டால் என்ன என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். தொளி உழவு நேரத்தில் அது நடக்காது. சேற்றில் புதையாமல் இருப்பதற்காக டிராக்டருக்கு கேஜ் வீல் எனப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டியிருப்பார்கள். அதோடு தார்ச்சாலையில் ஓட்டினால் சாலை பெயர்ந்துவிடும். டீசலுக்காக ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி மாட்டுவது எளிய வேலையல்ல. போய்வருவதற்கே டீசல் செலவாகும், நேரமும் போகும். அடுத்த வயல்காரர் வரப்பில் நின்று காத்துக்கொண்டிருப்பார். எனவே டிராக்டர் வயலில் நிற்கிறது, டீசல்தான் பைக்கிலோ ஆட்டோவிலோ கேனில் வந்து சேர்கிறது.

அங்கிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது. ரோட்டோரத்தில் இறக்கிய கேனைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வரப்பில் நடக்கிறார். நனைந்த வரப்பு வழுக்குகிறது. டிராக்டரின் அருகே வந்ததும் முழங்கால் வரை தொளியில் இறங்குகிறார். நம் ஊரில் பரவலாக ஓடும் பல டிராக்டர்களில் டீசல் டாங்க் எஞ்சினுக்கு மேலே, பானெட்டை ஒட்டி இருக்கிறது. மூடி இருப்பது ஆளின் நெஞ்சுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில். தொளியில் கால் புதைந்து நிற்பவருக்கு அது இன்னும் உயரம். கேனை அந்த உயரத்துக்குத் தூக்கி, கை நீட்டி, புனலில் சாய்த்து, டீசல் முழுவதும் இறங்கும் வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கேனுக்குள் காற்று போக வழியில்லாததால் டீசல் விட்டு விட்டுக் குதித்து விழும். அதில் கொஞ்சம் சட்டையில், கொஞ்சம் எஞ்சினில், கொஞ்சம் வயலில்.

கணக்கு என்ன சொல்கிறது?

டீசல் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் சுமார் 830 கிராம். அப்படிப் பார்த்தால் 20 லிட்டர் கேனில் டீசல் மட்டும் 16.6 கிலோ. கேனின் எடையும் சேர்ந்தால் 18 கிலோவை ஒட்டி வரும். பலர் பயன்படுத்தும் 35 லிட்டர் வெள்ளைக் கேன் என்றால் 29 கிலோ டீசலும் கேனுமாக 30 கிலோவைத் தாண்டிவிடும்.

தொளி உழவில் 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்று மணிக்கு 4 முதல் 6 லிட்டர் டீசல் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் சுமார் 50 லிட்டர். ஒரு பூவுக்கு முப்பது நாள் உழவு என்றால் 1,500 லிட்டர். எடையில் பார்த்தால் இது 1,245 கிலோ, அதாவது ஒண்ணேகால் டன். இத்தனையும் ஒரே மனிதர் தோள் உயரத்துக்குத் தூக்கி ஊற்றுவது. இரண்டு பூவுக்குமாகச் சேர்த்தால் இரண்டரை டன்.

"20 கிலோ என்ன பெரிய கனமா? அரிசி மூட்டையே 50 கிலோ தூக்குகிறவன் இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. இங்கேதான் ஒரு தவறு நடக்கிறது. கனத்தை மட்டும் பார்க்கிறார்கள், உயரத்தையும் கை நீட்டலையும் பார்ப்பதில்லை. மூட்டை முதுகிலோ தலையிலோ உடம்போடு ஒட்டி இருக்கிறது. கேன் உடம்பைவிட்டுத் தள்ளி, நீட்டிய கையில் இருக்கிறது. அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்தி அமைத்த கணக்கு முறையில், எல்லா நிலைமைகளும் சாதகமாக இருக்கும்போதே தூக்கத் தகுந்த எடை 23 கிலோ என்றுதான் வைத்திருக்கிறார்கள். உயரம் கூடினாலோ, சுமை உடம்பைவிட்டு விலகினாலோ அந்த 23 கிலோ குறைந்துகொண்டே வரும். பிரிட்டனின் வேலையிடப் பாதுகாப்புத் துறை வெளியிட்டிருக்கும் வழிகாட்டி அளவுகள் இன்னும் தெளிவானவை. முழங்கைக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில், சுமை உடம்போடு ஒட்டியிருந்தால் ஆணுக்கு 20 கிலோ. கை நீட்டியிருந்தால் 10 கிலோ. பெண்ணுக்கு முறையே 13, 7. தோளுக்கும் மேலே கை நீட்டித் தூக்குவதானால் ஆணுக்கு 5, பெண்ணுக்கு 3 கிலோதான். இவை சட்ட வரம்புகள் அல்ல. இதைத் தாண்டினால் வேலையை ஆராய்ந்து மாற்ற வேண்டும் என்பதற்கான எச்சரிக்கைக் கோடு. நல்ல தரையில் நின்று தூக்குகிறவருக்கே இந்தக் கணக்கு. தொளியில் ஒரு கால் புதைந்து நிற்பவருக்கு என்ன சொல்வது?

இன்னொன்றும் இருக்கிறது. டிராக்டர் ஓட்டுபவரின் முதுகு ஏற்கனவே அடிபட்ட முதுகு. இருக்கையில் உட்கார்ந்து, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து, நாள் முழுவதும் அதிர்ச்சி வாங்கிய முதுகு. டிராக்டர் ஓட்டுநர்களிடையே கீழ்முதுகு வலி மிகுதி என்பது உலகம் முழுவதும் ஆராய்ந்து சொல்லப்பட்ட விஷயம். நெடுநேரம் அதிர்வில் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிய உடனே கனமாக எதையும் தூக்கக் கூடாது, சிறிது நேரம் நடந்து உடம்பைத் தளர்த்திக்கொண்ட பிறகே தூக்க வேண்டும் என்பது முதுகு நலம் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்லும் அறிவுரை. டீசல் ஊற்றுவது எப்போது? டாங்க் காலியாகி, ஓட்டுநர் இருக்கையிலிருந்து குதித்து இறங்கிய அடுத்த நிமிடத்தில்! முதுகைக் கெடுக்க இதைவிடப் பொருத்தமான நேரத்தைத் தேடிப்பிடிக்க முடியாது.

தண்ணீர் சொல்லித்தரும் பாடம்

நாஞ்சில் நாட்டின் பாசனம் முழுவதும் ஒரே ஒரு விதியின் மேல் நிற்கிறது. மேட்டில் இருப்பது பள்ளத்துக்குத் தானாக ஓடும். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் கால்வாய் வழியாக, குளம் வழியாக, மடை வழியாகக் கடைசி வயல் வரைக்கும் யாரும் தூக்காமலேயே வந்து சேர்கிறது. மேட்டுக்கு ஏற்ற வேண்டிய இடங்களில்கூடத் தமிழன் குடத்தைத் தோளில் சுமந்து வயலுக்கு நீர் பாய்ச்சவில்லை. ஏற்றம் இறைத்தான், கமலை கட்டினான். பிறகு பம்புசெட் வந்தது.

டீசலும் தண்ணீரைப் போல ஒரு திரவம்தான். தண்ணீரை ஓடவிட்ட விவசாயி, டீசலை மட்டும் ஏன் தூக்குகிறார்? டீசலைத் தூக்கக் கூடாது, ஓடவிட வேண்டும் அல்லது இறைக்க வேண்டும். இந்த ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. கையிலிருக்கும் வசதிக்குத் தகுந்தபடி வழிகள் பல உள்ளன.

1. சிறிய கேன்

செலவே இல்லாத வழி இது. 35 லிட்டர் கேனை விட்டுவிட்டு 10 லிட்டர் கேன்களில் கொண்டுவருவது. நிரம்பிய 10 லிட்டர் கேன் 9 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். மேலே சொன்ன 10 கிலோ கோட்டுக்குள் அடங்குகிறது. பெண்கள் ஊற்றுவதானால் 5 லிட்டர் கேன் நல்லது. நடை கூடும் என்பது குறைதான். ஆனால் இரண்டு கைக்கு ஒன்றாகச் சமமாகப் பிடித்து நடந்தால், ஒரு பக்கமாகச் சாய்ந்து 30 கிலோவோடு வரப்பில் நடப்பதைவிட விழும் அபாயம் குறைவு. கேன் எரிபொருளுக்கென்றே செய்ததாக, காற்று போகத் தனித் துளையும் மூடியும் உள்ளதாக இருந்தால் டீசல் குதிக்காமல் ஒரே சீராக இறங்கும், பிடித்துக்கொண்டிருக்கும் நேரமும் குறையும். பூச்சிமருந்து வந்த பழைய கேன்களில் டீசல் பிடிக்கும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும்.

2. சுமைதாங்கியும் சைபன் குழாயும்

குமரி மாவட்டத்தின் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல்லை இன்றும் சில இடங்களில் பார்க்கலாம். இரண்டு கல்லை நிறுத்தி அதன் மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். அதன் உயரத்தில்தான் அதன் அறிவு இருக்கிறது. தலைச்சுமையோடு வருபவர் குனியாமல், இன்னொருவர் உதவி இல்லாமல் சுமையை அதன் மேல் வைத்து இளைப்பாறலாம். புறப்படும்போதும் தரையிலிருந்து தூக்க வேண்டியதில்லை. ஒருமுறை மேலேறிய சுமையை மறுபடி கீழே இறக்காதே என்பதே அந்தக் கல் சொல்லும் பாடம்.

டீசல் கேனுக்கும் அதே பாடம் பொருந்தும். நாஞ்சில் நாட்டில் பல இடங்களில் ரோடு வயலைவிட இரண்டு மூன்று அடி உயரத்தில் போகிறது. கேன் வருவதோ ஆட்டோவின் அல்லது சிறிய லோடு வண்டியின் தட்டில். கேனை ரோட்டில் இறக்கி, வயலில் இறக்கி, மறுபடி தோளுக்கு ஏற்றுவது தேவைதானா? டிராக்டரை ரோட்டோரமாக வயலுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினால், வண்டித்தட்டில் இருக்கும் கேன் பல இடங்களில் டாங்கின் மூடியைவிட உயரத்தில் இருக்கும். அங்கிருந்து ஒரு சைபன் குழாயைப் போட்டால் டீசல் தானாக இறங்கிவிடும். யாரும் எதையும் தூக்க வேண்டாம்.

ஆனால் சைபனை வாயால் உறிஞ்சித் தொடங்கவே கூடாது. இது கிராமங்களில் சர்வசாதாரணமாக நடக்கிறது. ஒரு வாய் டீசல் தவறி மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டால் நுரையீரலில் கடுமையான அழற்சி ஏற்படும், உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வாந்தி எடுக்கும்போதுதான் டீசல் நுரையீரலுக்குள் போகும் வாய்ப்பு அதிகம். வாய் வைக்காமல் தொடங்கவே இப்போது குலுக்கு சைபன் குழாய் கிடைக்கிறது. நுனியில் உலோகக் குப்பியும் அதற்குள் ஒரு சிறு குண்டும் இருக்கும். கேனுக்குள் விட்டு மேலும் கீழும் நாலைந்து முறை வேகமாகக் குலுக்கினால் டீசல் ஏறி ஓடத் தொடங்கிவிடும். நடுவில் ரப்பர் பந்து வைத்துக் கையால் அமுக்கும் வகையும் உண்டு. விலையும் அதிகமில்லை.

3. பேரலும் கைப்பம்பும்

சொந்த டிராக்டர் வைத்து வாடகைக்கு உழுபவர்களுக்குப் பொருத்தமானது இது. 200 லிட்டர் பேரல் ஒன்றைச் சிறிய லோடு வண்டியிலோ டிரெய்லரிலோ நகராமல் கட்டி வைத்து, அதன் வாயில் சுழற்றும் கைப்பம்பைத் திருகிவிட்டால் போதும். ஒரு சுற்றுக்குக் கால் லிட்டர் அளவில் டீசல் வரும். 40 லிட்டர் நிரப்ப 160 சுற்று. கேட்பதற்கு அதிகமாகத் தோன்றினாலும் சில நிமிட வேலைதான், அதுவும் இடுப்பு உயரத்தில் நின்றபடி கையை மட்டும் சுற்றுகிற வேலை. அறுபது வயதுக்காரரும் செய்யலாம், பெண்களும் செய்யலாம்.

இதில் கூடுதல் நன்மை ஒன்றும் உண்டு. கேனைக் கவிழ்த்து ஊற்றும்போது அடியில் தங்கிய தண்ணீரும் தூசியும் கடைசியில் டாங்குக்குள் போய்விடும். பம்பின் உறிஞ்சுகுழாயைப் பேரலின் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே இருக்கும்படி வைத்தால் அந்த அழுக்கு அடியிலேயே தங்கிவிடும். டீசல் பம்பும் நாசிலும் கெட்டுப்போவதற்குத் தண்ணீர் கலந்த, தூசி கலந்த டீசல் ஒரு முக்கியக் காரணம் என்பதை எந்த மெக்கானிக்கும் சொல்வார். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக்கட்டுப்பாட்டு விதிகள் வந்துள்ளன. அதற்கேற்ப வரும் புதிய எஞ்சின்கள் டீசலில் அழுக்கு இருந்தால் இன்னும் வேகமாகக் கெடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நிரம்பிய பேரலின் எடை 180 கிலோவைத் தாண்டும். அதை உருட்டவோ சாய்க்கவோ ஏற்றவோ முயலக் கூடாது. காலிப் பேரலை முதலில் ஏற்றிக் கட்டிவிட்டு, பம்பு வைத்தே அதையும் நிரப்ப வேண்டும். பெட்ரோல் பங்கில் பிளாஸ்டிக் கேனில் பிடிப்பதானால் கேனைத் தரையில் வைத்துப் பிடிப்பதே பாதுகாப்பு.

4. பேட்டரியில் ஓடும் பம்பு

12 வோல்ட்டில் ஓடும் டீசல் பம்புகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. டிராக்டரின் பேட்டரியிலேயே இரண்டு கிளிப்பை மாட்டி ஓட்டலாம். கொஞ்சம் பெரிய பம்புகள் நிமிடத்துக்கு 40 லிட்டர் வரை இறைக்கும். கேன் தரையிலோ வரப்பிலோ இருக்கலாம், குழாய் மட்டும் டாங்குக்குப் போகும். தொளிக்குள் நிற்கும் டிராக்டருக்கு வரப்பிலிருந்தே டீசல் போய்விடும்.

சில ஒழுங்குகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும். எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சுவிட்ச் அணைந்த நிலையில் கிளிப்பை மாட்டிவிட்டு, பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். முடித்ததும் சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்ற வேண்டும். டீசலுக்கான பம்பை எக்காரணம் கொண்டும் பெட்ரோலுக்குப் பயன்படுத்தக் கூடாது. குடிதண்ணீர் கேனுக்கு வைக்கும் சிறிய பம்பை டீசலில் போட்டுச் சோதித்துப் பார்ப்பதும் வேண்டாம்.

5. வீட்டில் உயரத்தில் ஒரு டாங்க்

அமெரிக்கப் பண்ணைகளில் நான்கு கால் வைத்த உயரமான இரும்புத் தாங்கியின் மேல் எரிபொருள் டாங்கை ஏற்றி வைத்திருப்பது பழைய வழக்கம். குழாயைத் திறந்தால் டிராக்டருக்கு டீசல் தானாக இறங்கும். மின்சாரம் வேண்டாம், பம்பும் வேண்டாம். டிராக்டர் இரவில் வீடு திரும்பும் பருவங்களில் நம் ஊர் ஷெட்டிலும் இதைச் செய்யலாம். பேரலை உறுதியான தாங்கியின் மேல் காலியாக வைத்து, கைப்பம்பால் நிரப்பிக்கொண்டால் போதும். மாலையில் வேலை முடிந்து எஞ்சின் ஆறிய பிறகு டாங்கை நிரப்பி வைத்தால் இரவில் டாங்குக்குள் நீர்த்துளி படிவதும் குறையும்.

பேரலில் டீசல் வைப்பது சட்டப்படி சரியா என்று சிலர் பயப்படுகிறார்கள். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, டீசல் அடங்கிய 'பி' வகைப் பொருளை ஓர் இடத்தில் 2,500 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். எந்தக் கலனும் 1,000 லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடியதாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. எனவே ஒரு விவசாயி ஒரு பேரல் வைத்துக்கொள்வது குற்றமல்ல. அதற்காக அடுப்படியிலும் படுக்கை அறையிலும் வைக்கலாம் என்று பொருளல்ல.

சிந்தும் டீசலை அலட்சியம் செய்யக் கூடாது

டீசல் பெட்ரோல் மாதிரி பற்றாது என்ற நம்பிக்கை ஊரில் பலமாக இருக்கிறது. ஐரோப்பாவில் விற்கும் டீசலின் தீப்பற்றும் வெப்பநிலை 55 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். இந்தியத் தர அளவின்படி அது 35 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் போதும். 35 டிகிரி என்பது இங்கே ஒரு வெயில் நாளின் வெப்பம். ஓடி நின்ற எஞ்சினும் புகைக்குழாயும் அதைவிடப் பல மடங்கு சூடாக இருக்கும். அதன் மேல் கேனைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கை நடுங்க, சிந்தச் சிந்த ஊற்றுவது எவ்வளவு பெரிய அபாயம்! குழாய் மூலம் ஊற்றினால் இந்தச் சிந்தல் அநேகமாக இல்லாமல் போகும். 2021இலேயே லிட்டர் 90 ரூபாயைத் தாண்டிய டீசலில் ஒவ்வொரு முறையும் கால் லிட்டர் சிந்தினாலும், ஒரு பூ முடிவதற்குள் குழாய்க்குச் செலவழித்த பணம் திரும்பி வந்துவிடும்.

டாங்கைக் கீழே வைத்தால் ஆகாதா?

இத்தனை சுற்று வழி எதற்கு, டிராக்டர் கம்பெனிகள் டாங்கின் வாயைக் கீழே வைத்துவிட்டால் போதுமே என்று கேட்கலாம். மேலைநாடுகளின் பெரிய டிராக்டர்களில் ஏறும் படியை ஒட்டிப் பக்கவாட்டில் டாங்க் இருப்பதும், தரையில் நின்றபடியே டீசல் போட முடிவதும் உண்மைதான். கரிசல் காட்டில் புழுதி உழவு செய்பவருக்கு அது நல்ல ஏற்பாடு.

ஆனால் நாஞ்சில் நாட்டின் தொளிக்கு அது பொருந்துமா என்று யோசிக்க வேண்டும். கேஜ் வீல் வாரி இறைக்கும் சேறு முழுவதும் பக்கவாட்டில்தான் அடிக்கிறது. மூடி கீழே இருந்தால் அதைத் திறக்கும்போதெல்லாம் சேறும் தண்ணீரும் உள்ளே போகும். மேலே இருக்கும் டாங்கிலிருந்து டீசல் எஞ்சினுக்குத் தானாக இறங்கும் வசதியும் இருக்கிறது. சேற்று உழவுக்கு டாங்க் மேலே இருப்பதே நல்லது. எனவே இங்கே மாற வேண்டியது டாங்கின் இடம் அல்ல, டீசல் அங்கே போய்ச் சேரும் முறை.

யார் செய்ய வேண்டும்?

இது முழுவதையும் ஓட்டுநரின் தலையில் கட்டிவிடுவது நியாயமில்லை. பெரும்பாலான ஓட்டுநர்கள் கூலிக்கு ஓட்டுபவர்கள். டிராக்டர் இன்னொருவருடையது, வயல் வேறொருவருடையது. முதுகு மட்டும்தான் அவருடையது. பம்பு வாங்க வேண்டியவர் டிராக்டர் உரிமையாளர். பல இலட்சம் ரூபாய் கொடுத்து டிராக்டர் வாங்குபவருக்குச் சில ஆயிரம் ரூபாய் கைப்பம்பு பெரிய செலவல்ல. அனுபவமுள்ள ஓட்டுநர் முதுகு பிடித்து ஒரு வாரம் படுத்துவிட்டால், உழவுப் பருவத்தில் அதற்கு ஈடாக இன்னொருவரைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை அவரே நன்றாக அறிவார். இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்கும் நகரங்களுக்கும் போய்விட்ட மாவட்டம் இது. மீதி இருக்கும் ஓட்டுநர்களைக் காப்பாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அடுத்தது கம்பெனிகள். டிராக்டர் வாங்கும்போது கருவிப்பெட்டி, டாப்லிங்க், கொக்கி, பம்பர் என்று பலவும் சேர்த்துத் தருகிறார்கள். அதோடு ஒரு கைப்பம்பும் நல்ல வடிகட்டி வைத்த குழாயும் தருவதால் அவர்கள் நஷ்டப்பட்டுவிட மாட்டார்கள்.

மூன்றாவது அரசு. 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் மானியம் தரப்படுகிறது. வாடகை மையங்கள் அமைக்கவும் உதவி கிடைக்கிறது. மானியம் பெறும் ஒவ்வொரு வாடகை மையத்திலும் டீசல் நிரப்பும் பம்பு ஒன்று இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். விவசாயத்தில் பெண்களின் பங்கு பற்றி மேடைகளில் நிறையப் பேசப்படுகிறது. டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண், டீசல் ஊற்றுவதற்கு மட்டும் ஓர் ஆணைக் கூப்பிட வேண்டியிருந்தால் அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம்?

டீசலை வாசலுக்கே கொண்டுவரும் முறையும் இந்தியாவில் வந்துவிட்டது. 2018 மார்ச்சில் இந்தியன் ஆயில் நிறுவனம் புனேயில் நடமாடும் டீசல் வண்டியைத் தொடங்கியது. பிறகு வேறு நகரங்களுக்கும் பரவியது. அது பெரும்பாலும் ஒரே இடத்தில் நிறைய வாங்கும் தொழிற்சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் ஏற்றது. துண்டு துண்டான நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தனியொரு விவசாயி அதை வரவழைக்க முடியாது. ஆனால் ஓர் ஏலாவில் ஒரே வாரத்தில் எத்தனை டிராக்டர் ஓடும் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அத்தனை பேரும் சேர்ந்து கேட்டால், அல்லது அந்த ஊர்க் கூட்டுறவுச் சங்கம் பொறுப்பெடுத்தால், உழவுப் பருவத்தில் வண்டி வராமல் இருக்காது. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்கள் பெட்ரோல் பங்க் நடத்துவது புதிதல்ல. அதன் அடுத்த படி இதுவாக இருக்கலாம்.

முடிவாக

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், காயம் உண்டாக்கக்கூடிய பாரத்தை எந்தத் தொழிலாளியையும் தூக்க வைக்கக் கூடாது என்று தனது 34ஆம் பிரிவில் சொன்னது. அது தொழிற்சாலைக்குள் வேலை செய்தவருக்கு. வயலில் வேலை செய்தவரின் முதுகை அது கணக்கில் எடுக்கவில்லை. வயலுக்கு அப்படி ஒரு சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு குலுக்கு சைபனோ கைப்பம்போ வாங்க எந்தச் சட்டமும் தேவையில்லை.

அந்தக் காலத்தில் வழிநெடுகச் சுமைதாங்கி நட்டவர்கள், முன்பின் தெரியாத வழிப்போக்கனின் கழுத்து வலியைப் பற்றி யோசித்தவர்கள். சொந்த வயலை உழுதுதருபவரின் முதுகு வலியைப் பற்றி யோசிப்பது அதைவிடக் கடினமானதல்ல. அடுத்த பூவுக்குத் தண்ணீர் திறக்கும் முன்பே, விதை நெல்லோடும் உரத்தோடும் சேர்த்து ஒரு பம்பும் குழாயும் வாங்கி வைத்தால் போதும்.